சேவல் வாளின் மூன்று கறைகள்

பாரிஸ், 9 செப்டெம்பர் 2024

அன்புள்ள கோசலை மாமிக்கு,

முழங்கால் வீக்கம் வடிந்ததா? அம்மா கொடுத்துவிட்ட தைலம் வந்து சேர்ந்ததா? இங்கே மூவரும் சுகமாக இருக்கிறோம். அப்பாவுக்கு ரூ பெர்தொனே தெருவில் உள்ள உணவகத்தில் செவ்வாய் மட்டும்தான் ஓய்வு. மற்ற நாட்களில் அவரை நாங்கள் படிக்கட்டில்தான் சந்திக்கிறோம்.

உங்கள் காதுக்காகத் தொலைபேசியில் கத்துவதை விட எழுதுவது எனக்கு லேசு. நேரில் தொண்டைக்குள் நின்றுவிடுவது தாளில் வந்துவிடுகிறது.

பழைய உலோகப் பொருட்களைத் திருத்தும் பட்டறை ஒன்றில் வேலை கிடைத்தது என்று எழுதியிருந்தேன் அல்லவா? வரும் ஒவ்வொரு பொருளையும் அளந்து, படம் எடுத்து, அதன் நிலையை எழுதுவது என் வேலை. ஒப்பந்தம் சனவரி 31 வரைதான். அதற்குப் பிறகு வைத்திருப்பாரா என்பது பட்டறைத் தலைவி ஆரெலியின் கையில் இருக்கிறது. சென்ற கிழமை அவர் சொன்னார்: "நீ எல்லாவற்றையும் பார்க்கிறாய், எதையும் சொல்வதில்லை. சொல்லாத கண்ணை நான் எப்படிச் சம்பளத்துக்கு வைத்திருப்பது?" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சொன்னார்.

இப்போது என் மேசையில் ஒரு வாள் இருக்கிறது. சென்-தூவானில் பழைய பொருள் விற்ற அலெக்சாந்த்ர் என்பவருடையது. அவர் இந்த வசந்தத்தில் இறந்துவிட்டார். மகள் நதாலி கொண்டுவந்தார். இலேசாக வளைந்த அலகு, பித்தளைக் கைக்காப்பு, அதில் ஒரு சேவல். செய்தவர் பெயர் தேய்ந்துவிட்டது. எந்தப் படையின் வாள் என்று யாருக்கும் தெரியாது. உறையும் இல்லை.

அலகின் ஒரு பக்கத்தில் மூன்று வட்டக் கறைகள் உள்ளன. சம அளவு, சம இடைவெளி. மெழுகு என்கிறார் ஆரெலி. எனக்கு அவை பொட்டு மாதிரித் தெரிகின்றன. ஆயுத பூசைக்கு அரிவாளில் நீங்கள் வைப்பீர்களே, அதே மாதிரி. நான் இன்னும் சொல்லவில்லை. பாரிஸில் ஒரு பிரெஞ்சு வாளில் பொட்டு என்றால் சிரிப்பார்கள்.

அப்பாவிடமும் சொல்லவில்லை. வாள், துவக்கு என்று வீட்டில் ஆயுதப் பேச்செடுத்தால், சண்டைக் காலத்தைக் கண்ட அம்மாவின் முகம் எப்படி மாறும் என்று உங்களுக்குத் தெரியும். 'பழைய இரும்பு' என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
மிருணாளினி


கோப்பாய், 27 செப்டெம்பர் 2024

அன்பு மகள் மிருணாவுக்கு,

தைலம் வந்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் வீடு முழுக்க நல்ல மணம். உன் கடிதம் வந்த செய்தி கடிதத்துக்கு முன்பே வந்துவிட்டது. தபால்காரராக இருந்த பக்கத்து வீட்டுப் பத்திநாதர் இளைப்பாறி எட்டு வருடமாகியும் இப்போதைய தபால்காரனைச் சந்தியில் மறித்துக் கட்டைப் பிரித்துப் பார்க்கிறார். "பிரான்சிலை இருந்து வந்திருக்கு, பாரமான கடிதம்" என்று படலையில் நின்று கத்தினார். என் காதுக்கே கேட்டது என்றால் ஊருக்குக் கேட்டிருக்கும்.

வாளைப் பற்றி எனக்கென்ன தெரியும், பிள்ளை. முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் முத்திரை குத்தினவள் நான். சேவல் இருந்தால் அது முருகனுடையது. நல்லூர்க் கோயிலுக்கு அனுப்பிவிடச் சொல்லு.

கறையைப் பற்றி எழுதியிருந்தாய். துருவாகவும் இருக்கலாம். வட்டமாக இருப்பதெல்லாம் பொட்டு இல்லை. அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடும் அல்லவா?

அந்த அலெக்சாந்த்ர் என்ன வருத்தத்தில் இறந்தார்? வயதாளியா? மகளுக்குத் தகப்பனின் வியாபாரம் பற்றி ஏதும் தெரியுமா?

வீட்டில் சொல்லாதது நல்லது. சொல்லாமலே இரு. குளிர் தொடங்கும் முன் காதை மூடப் பழகு.

அன்பு மாமி,
கோசலை


பாரிஸ், 15 ஒக்டோபர் 2024

அன்புள்ள மாமிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். என் முதலாளியை விட என் வாடிக்கையாளரைப் பற்றி அதிகம் கேட்டிருக்கிறீர்கள். அலெக்சாந்த்ருக்கு எண்பத்திரண்டு வயது, இருதய வருத்தம். சுகம்தானே நீங்கள்? வீட்டில் அனைவரும் நலம். அம்மா நவராத்திரிக்கு ஒன்பது நாளும் அவல் போட்டதில் நான் கொஞ்சம் பருத்துவிட்டேன்.

நான் பேசிவிட்டேன், மாமி.

வெள்ளிக்கிழமை ஆயுத பூசை. ரூ பிலிப்-து-ஜிரார் மரக்கறிக் கடையில் தராசுக்கும் பூசணி வெட்டும் கத்திக்கும் வங்கி அட்டை தேய்க்கும் பெட்டிக்கும்கூடச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். கத்தியில் மூன்று, மற்றவற்றில் ஒவ்வொன்று. படம் எடுத்துக்கொண்டேன்.

திங்கள் காலையில் ஆரெலி கறையைச் சுரண்டக் கூர்மையான சின்னக் கத்தியை எடுத்தார். என் கை அவர் கையைப் பிடித்துவிட்டது. நானே திடுக்கிட்டேன். "என்ன?" என்றார். "பொட்டு" என்றேன், தமிழில். பிரெஞ்சில் அதற்குச் சொல் தேடிக் கிடைக்காமல் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். தலையிடியா என்று கேட்டார். பிறகு தொலைபேசிப் படத்தைக் காட்டி ஒரேயடியாகச் சொன்னேன். வேலை செய்கிற கருவிக்கு வருடத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுத்து மரியாதை செய்வோம், விரலால்தான் வைப்போம், பெரிய ஆயுதம் என்றால் மூன்று வைப்போம் என்று.

அவர் சிரிக்கவில்லை. என் மோதிர விரலைப் பிடித்துக் கறையின் மேல் வைத்து அளந்தார். "உன்னுடையதை விடப் பெரிய விரல்" என்றார். கத்தியை உறைக்குள் போட்டுவிட்டு, கறையிலிருந்து ஊசிமுனை அளவு எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்.

அன்று மத்தியானம் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன். வழக்கமாகப் படிக்கட்டில் சாப்பிடுவேன். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

அன்புடன்,
மிருணா


கோப்பாய், 5 நவம்பர் 2024

அன்பு மிருணா,

மழை தொடங்கிவிட்டது. சுகமாகத்தான் இருக்கிறேன். சனசமூக நிலையத்துக்குள் தண்ணீர் வந்து பத்திரிகைகள் நனைந்துவிட்டன. பத்திநாதர் அவற்றைக் கொடியில் காயப் போட்டு, நின்றபடியே வாசிக்கிறார்.

நீ பேசியது சந்தோசம். எல்லோருடனும் சாப்பிட்டது அதை விடச் சந்தோசம்.

ஆனால் அவசரப்பட்டு எதையும் எழுதிக் கையெழுத்து வைக்காதே. அது பொட்டாகவே இருக்கட்டும். யார் வைத்தது, எப்போது வைத்தது என்று பொட்டு சொல்லாது. இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை, மழைக்கு விறைக்கிறது.

மாமி


பாரிஸ், 22 நவம்பர் 2024

அன்புள்ள மாமிக்கு,

கைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். கையுறை ஒரு சோடி வாங்கி வைத்திருக்கிறேன். கோப்பாயில் கையுறையா என்று பத்திநாதர் சிரித்தால் சிரிக்கட்டும். எங்கள் மூவருக்கும் தடிமன் வந்து மாறிவிட்டது.

ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வந்தது. மஞ்சள், மாமி. துருவுக்குள் மஞ்சள் தூள் இருக்கிறது, சந்தன மரத்தூளும் இருக்கிறது. ஆரெலி கடிதத்தைப் பட்டறை நடுவில் நின்று உரக்க வாசித்தார். என்னை எழும்பி நிற்கச் சொன்னார். நின்றேன், கதிரையைப் பிடித்துக்கொண்டு.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பிரெஞ்சு வாள், அதில் பூசைப் பொட்டு. அப்படியென்றால் பாண்டிச்சேரிதான் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிரெஞ்சுப் படையில் இருந்த தமிழ் அதிகாரி ஒருவரின் வீட்டில் இந்த வாள் பூசையில் இருந்திருக்கலாம் என்று அறிக்கை எழுதினேன். ஆரெலி அந்த 'இருக்கலாம்' என்பதை வெட்டிவிட்டு, "பயந்து எழுதாதே" என்றார்.

மேற்குக் கரையில் ஒரு துறைமுக நகரத்தின் சின்ன அருங்காட்சியகம் இந்தியாவும் பிரான்சும் பற்றிக் கண்காட்சி வைக்கிறது. அவர்கள் வாளைக் கேட்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கும் விளக்கம் சனவரி கடைசியில் அச்சுக்குப் போகிறது. அதன் கீழே என் பெயர் வரும். பெப்ரவரியிலிருந்து நிரந்தர வேலை என்று ஆரெலி வாயால் சொல்லிவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் இதுவரை அச்சில் வந்த பெயர் சித்தப்பாவின் மரண அறிவித்தலில் வந்தது மட்டும்தான். என் பெயர் அச்சில் வந்த பிறகு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் காட்டுவேன். அதுவரை சொல்லாமல் வைத்திருக்கிறேன், நீங்கள் சொன்னபடி.

அன்புடன்,
மிருணாளினி


பாரிஸ், 17 டிசெம்பர் 2024

அன்புள்ள மாமிக்கு,

பதில் வரவில்லை. மழையால் தபால் தாமதமா, அல்லது சுகமில்லையா? பத்திநாதர் வீட்டுத் தொலைபேசிக்கு எடுத்தேன். "மாமி கல்லுமாதிரி இருக்கிறா, கிணத்தடியிலை நிண்டு என்னைப் பேசுறா" என்றார். அப்படியென்றால் எழுத மனமில்லையா? நான் ஏதும் பெருமையாக எழுதிவிட்டேனோ என்று யோசிக்கிறேன்.

அப்பா நேற்றும் கேட்டார்: "அக்காவிட்டை இருந்து கடிதம் வரேல்லையோ?" நீங்களே ஒன்று எழுதுங்கோவன் என்றேன். "எனக்கு எழுத என்ன இருக்கு" என்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். எப்போதும் இப்படித்தான். உங்கள் கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்பார் (வாள் வரும் இடங்களைத் தாண்டித்தான் வாசிக்கிறேன்), பதில் எழுத மாட்டார். ஏன் என்று உங்களுக்குத் தெரியுமா?

இரண்டு வரி போதும்.

மிருணா


கோப்பாய், 30 டிசெம்பர் 2024

அன்பு மிருணாளினிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஐந்து கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஆறாவது.

நான் முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் இருந்தேன். ஒருவர் கடிதத்தை மற்றவருக்குக் காட்டியதில்லை. சண்டைக் காலத்தில் உறை கிழிந்து வந்த கடிதங்களைக்கூட வாசிக்காமல் ஒட்டித்தான் கொடுத்தேன். இன்று என் தம்பியின், உன் அப்பாவின், கடிதத்தை உனக்குப் பிரதி பண்ணுகிறேன். காட்டாதே என்று அவன் கேட்டது. நான் ஓம் என்று எழுதிக் கொடுத்தது. ஆனால் நீ பொய் ஒன்றை அச்சில் போட்டுக் கீழே பெயர் வைக்கப் போகிறாய். உண்மை தெரிந்துகொண்டு நான் சும்மா இருந்தால் அந்தப் பொய்யில் பாதி என்னுடையது.

உன் முதல் கடிதத்தில் அலெக்சாந்த்ர் என்ற பெயரைக் கண்டதுமே எனக்குத் தெரியும். கறை அழிந்துவிடும் என்று நம்பி இருந்தேன். நீ அதைக் காப்பாற்றிவிட்டாய்.

அப்போது உன் அம்மாவும் நீயும் இங்கே ஊரில்தான் இருந்தீர்கள். இனி அவன் எழுதியது:

"14.12.2003. அன்புள்ள அக்காவுக்கு. இதை வாசித்ததும் மடித்து வையுங்கள், மிருணாவின் அம்மாவுக்குக் காட்டவேண்டாம். சென்-தூவான் வேலை போய்விட்டது. நாரி நோவால், இடுப்பு நிமிர முடியாமல், நானே விட்டேன் என்று அவளுக்கு எழுதியிருக்கிறேன். அக்கா, ஆயுத பூசையன்று தெப்போவில், அதுதான் முதலாளி சாமான் வைக்கிற கிடங்கில், தனியாக நின்றேன். ஏணி, சுத்தியல், தள்ளுவண்டி, பெட்டி வெட்டும் கத்தி எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தேன். அலுமாரியில் சேவல் வாள் ஒன்று இருந்தது. சுத்தியலுக்கு வைத்துவிட்டு உண்மையான ஆயுதத்தை விட்டுவிடுவதா? மூன்று வைத்தேன். அடுத்த நாள் துடைக்கலாம் என்று துணியில் சுற்றி வைத்தேன். விடிய முதலாளி என்னை லொறியில் பெல்ஜியச் சந்தைக்கு அனுப்பிவிட்டார். மூன்று கிழமை. வந்து மறந்துபோனேன். போன கிழமை யாருக்கோ காட்ட அவிழ்த்தபோது மூன்று இடத்திலும் துரு. யார் செய்தது என்று அலெக்சாந்த்ர் கேட்டார். நான் என்று கை காட்டினேன். ஏன் என்று கேட்டார். ஏன் என்று சொல்ல என்னிடம் பிரெஞ்சு இல்லை, அக்கா. கையெடுத்துக் கும்பிட்டுக் காட்டினேன், சாமிக்கு என்று. அவர் நான் மன்னிப்புக் கேட்டுக் கெஞ்சுகிறேன் என்று நினைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலை போனது பரவாயில்லை. வேண்டுமென்று கெடுத்தவன் என்று நினைத்துவிட்டார். அதைத்தான் தாங்க முடியவில்லை. தம்பி பொன்னம்பலம்."

அதற்குப் பிறகு அவன் எனக்கு எழுதவில்லை. என் முகத்தில் முழிக்க வெட்கம் போலிருக்கிறது. நானும் கேட்கவில்லை.

நீ என்ன செய்யப் போகிறாய் என்று நான் சொல்லமாட்டேன். உன் வேலை என்ன பாடுபட்டுக் கிடைத்தது என்று தெரியும்.

மாமி


பாரிஸ், 19 சனவரி 2025

அன்புள்ள மாமிக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அப்பாவின் ஓய்வு நாள். குளியலறையில் இருந்து வாசித்தேன். வெளியே வந்தபோது அப்பா வேலைக்குப் போடும் சேட்டை மின்னழுத்தியால் அழுத்திக்கொண்டு நின்றார். உங்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்துத்தான் தொடங்கினேன்.

"அப்பா, சென்-தூவான் தெப்போ வேலையை ஏன் விட்டனீங்கள்?"

"நாரி நோ. உனக்குத் தெரியும்தானே."

"சேவல் வைச்ச வாள் ஒண்டு என்ரை மேசையிலை கிடக்கு. மூண்டு பொட்டோடை."

அழுத்தியை நிமிர்த்தி வைத்தார். சேட் கையை மடித்தார், பிறகு விரித்தார். "அக்கா எழுதினவாவோ?"

"கறையைப் பாத்துக் கண்டுபிடிச்சனான்."

"ஏன், கறையிலை என்ரை பேர் போட்டிருக்கோ?" என்றார். சிரித்தபடி கேட்டார், ஆனால் கண் சிரிக்கவில்லை. பிறகு எல்லாவற்றையும் அவரே சொன்னார். உங்கள் பிரதியில் இருந்த அதே வரிசையில், ஏணி, சுத்தியல், தள்ளுவண்டி என்று. இருபத்தொரு வருடமாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்திருக்கிறார்.

அம்மா குசினி வாசலில் நின்றதை நாங்கள் காணவில்லை. "அப்ப நாரி நோ?" என்றார். "பதினைஞ்சு வருசமா ஒவ்வொரு செவ்வாயும் எண்ணெய் தேய்ச்சுவிட்டனான். கொஞ்சம் கீழை, கொஞ்சம் மேலை எண்டு இடம் வேறை காட்டினீங்கள்."

"பிறகு உண்மையாவே நொந்தது" என்றார் அப்பா.

அம்மா உள்ளே போய்விட்டார். சட்டிச் சத்தம் பலமாகக் கேட்டது. பிறகு அது சிரிப்பாக மாறியது. வாளைப் பற்றிப் பேசியும் அவர் முகம் மாறவில்லை, மாமி. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அப்பா முதலாளியைப் பற்றிக் கேட்டார். இறந்துவிட்டார் என்றேன். வெகுநேரம் சேட்டின் கொலரையே அழுத்திக்கொண்டு நின்றார். பிறகு, "உறை எங்கை?" என்றார்.

"உறை இல்லாமல்தான் வந்தது."

"இருந்ததே. கறுப்புத் தோல், ரெண்டு பக்கமும் பித்தளை. பூஞ்சணம் மணக்குது எண்டு அவர்தான் வாளோடை வைக்காமல் பிறிம்பா வைக்கச் சொன்னவர். பொல்லுகள், குடையள் நிக்கிற தகரப் பீப்பாவுக்கை வைச்சனான். அதுக்கும் ஒரு பொட்டு வைச்சனான்."

சனவரி 31இல் விளக்கம் அச்சுக்குப் போகிறது என்றும், பாண்டிச்சேரி என்று எழுதியிருக்கிறேன் என்றும் சொன்னேன். அவர் உடனே சொன்னார்: "சொல்லாதை பிள்ளை. யாருக்கு நட்டம்? பாண்டிச்சேரி எண்டே இருக்கட்டும். ஒரு வாளாலை ரெண்டு பேருக்கு வேலை போக வேண்டாம்."

ஐந்து நாளாக அந்த வார்த்தைதான் காதில் இருக்கிறது. நான் வாயைத் திறக்காவிட்டால் நிரந்தர வேலை. இருபத்துநாலு வருடமாக வாயைத் திறக்காமல் இருப்பதில் நான் கெட்டிக்காரி. ஆனால் அந்த விளக்கத்தை வாசிக்கும் சனங்களுக்கு, அந்தப் பொட்டை வைத்தவர் இருநூறு வருடத்துக்கு முன் இறந்துபோன யாரோ ஓர் அதிகாரி. வைத்தவர் என் வீட்டில் சேட் அழுத்திக்கொண்டு நிற்கிறார்.

வெள்ளிக்கிழமை பேச நேரம் வேண்டும் என்று ஆரெலியிடம் கேட்டிருக்கிறேன். உடம்பைக் கவனியுங்கள்.

மிருணா


பாரிஸ், 9 பெப்ரவரி 2025

அன்புள்ள மாமிக்கு,

சுகம்தானே? இங்கே பனி கொட்டி, அது சேறாகிவிட்டது. நாங்கள் நலம். இந்தக் கடிதத்தை ஆறுதலாக எழுதுகிறேன்.

சொல்லப் போவதைத் தாளில் எழுதி வைத்துத்தான் ஆரெலியின் அறைக்குப் போனேன். தாளைப் பார்க்காமலே சொல்லிவிட்டேன். வைத்தவர் என் அப்பா, வருடம் 2003, இடம் சென்-தூவான். உறையை அங்கே தகரப் பீப்பாவுக்குள் வைத்ததும் அவர்தான். அறிக்கையில் பாண்டிச்சேரி பற்றி வரும் ஒவ்வொரு வரியும் பிழை.

அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அருங்காட்சியகத்துக்கு எடுத்து, வாளை அனுப்ப முடியாது என்று என் முன்னாலேயே சொன்னார். பிறகு நதாலிக்கும் எடுத்துச் சொன்னார். என்னைப் பார்த்து, "போய் வேலையைச் செய்" என்றார். நிரந்தர வேலை பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. 31ஆம் திகதி என் கோப்பையையும் கம்பளிச் சட்டையையும் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். தமிழ்க் கடைகள் உள்ள லாச்சப்பலில் இறங்கி, வீட்டுக்கு ஏற மனமில்லாமல் கடை கடையாகக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். வீட்டில் அப்பா தோசை கொண்டுவந்து வைத்தார், மூன்று.

நான்கு நாள் கழித்து ஆரெலி அழைத்தார், உடனே வரச் சொல்லி. போனபோது நதாலியும் இருந்தார். மேசையில் ஒரு கறுப்புத் தோல் உறை இருந்தது. அப்பா சொன்ன அதே தகரப் பீப்பாவில், ஊன்றுகோல்களுக்கு நடுவில் நின்றதாம். பித்தளைப் பூணில் ஒரு வட்டக் கறை. அதைச் சுற்றி, கறுப்பேறி மறைந்திருந்த எழுத்துகளை ஆரெலி பஞ்சால் ஒற்றி ஒற்றி வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். வடக்கே ஒரு சின்ன ஊரின் பெயர், அவ்வூர்க் காவற்படையின் இரண்டாவது அணி, 1831. உறைக்குள் வாள் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. போர்க்களமும் இல்லை, இந்தியாவும் இல்லை. ஊர்க் கடைக்காரர்கள் ஞாயிறுகளில் அணிவகுத்துத் திரிந்த படையாம்.

"உன் அப்பா ஒரு கேள்வியில் கண்டுபிடித்ததை நாங்கள் ஐந்து மாதம் தேடினோம்" என்றார் ஆரெலி. பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, "நீ பார்த்ததைச் சரியாகத்தான் எழுதியிருந்தாய். 'இருக்கலாம்' என்பதை வெட்டியது நான்" என்றார்.

ஆறு மாத ஒப்பந்தம் தந்திருக்கிறார். நிரந்தரம் இல்லை, அதை யூலையில் பார்க்கலாம் என்கிறார். அறிக்கையை முதல் வரியிலிருந்து நானே திருப்பி எழுத வேண்டும்.

நதாலி போகும்போது என்னிடம் சொன்னார்: "என் அப்பா அந்த வாளை விற்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. நல்ல வேலைக்காரன், ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்." உங்கள் தம்பியைப் பார்க்க வேண்டுமாம். அப்பா மாட்டேன் என்கிறார். அம்மா சேட் எடுத்து வைத்திருக்கிறார்.

மிருணா


கோப்பாய், 28 பெப்ரவரி 2025

அன்பு மிருணா,

உன் கடிதத்தைப் படலையிலேயே நின்று வாசித்தேன். பத்திநாதர் என்ன என்ன என்று கேட்டார். பேர் கெட்டுப்போகவில்லை என்றேன். யாருக்கு என்றார். ரெண்டு பேருக்கும் என்றேன். விளங்காமல் போனார், போகட்டும்.

முழங்கால் பரவாயில்லை. ஒன்று மட்டும் எழுது. அவனுக்கு என்மேல் கோபமா? கோபமென்றால் கோபம் என்றே எழுது, மறைக்காதே. மறைத்து மறைத்து எனக்கு அலுத்துவிட்டது.

மாமி


பாரிஸ், 24 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பொன்னம்பலம் எழுதுகிறேன். உங்கள் முழங்கால், காது எல்லாம் மகள் சொல்லித் தெரியும். நாங்கள் சுகம். என் நாரியும் சுகம், மிருணாவின் அம்மா இனி எண்ணெய் தேய்க்க மாட்டாளாம்.

கோபம் இல்லை. தபால் கந்தோர்க்காரியை நம்பிக் கொடுத்த கடிதம் எங்கே போய் நின்றது என்று நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. இருபத்தொரு வருடம் பத்திரமாக வைத்திருந்தீர்கள். அதற்கு மேல் யாரும் வைத்திருக்க மாட்டார்கள். எழுதாமல் இருந்தது என் பிழை. எழுதினால் முதல் வரியில் அந்த வாளைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று பயம்.

சனிக்கிழமை போனேன். வாள் சின்னதாகத் தெரிந்தது. என் நினைவில் அது பெரிய வாள். நதாலி தகப்பனின் சாயல். அவர் கேட்டதும் அதே கேள்விதான், ஏன் என்று. நான் தமிழில் சொன்னேன். மிருணா பக்கத்தில் நின்று பிரெஞ்சில் சொன்னாள். அக்கா, வீட்டில் உப்பைக் கேட்பதற்கே சத்தம் வராத பிள்ளை, அந்த அறையின் மற்ற முனைக்குக் கேட்கச் சொன்னாள். நான் நிறுத்திய இடத்தில் அவளும் நிறுத்தினாள். கும்பிட்டது கெஞ்சியது இல்லை என்று சொன்னபோது நதாலி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எனக்குக் கை தந்தார்.

கறையை எடுக்கவா, விடவா என்று அந்தத் தலைவி என்னைக் கேட்டார். என்னை ஒருவர் அப்படிக் கேட்டது முதல் தடவை. வாள் கெட்டுப்போகக் கூடாது, எடுங்கோ என்றேன். நதாலி வேண்டாம் என்றார். கடைசியில் வளர்கிற துருவை மட்டும் மகளே ஊசியால் எடுத்து, மெழுகு பூசினாள். இரண்டு மணித்தியாலம். நான் கதிரையில் இருந்து பார்த்தேன். வட்டம் மூன்றும் நிற்கின்றன, இனிப் பரவாது.

வாளும் உறையும் அந்த வடக்கு ஊர் நகரசபைக்குப் போகின்றன. கூடவே அறிக்கையும் போகும். அதில் என் முழுப் பெயரும் திகதியும் இருக்கின்றன. "அப்பா, எப்படி எழுதட்டும்?" என்று மகள் கேட்டாள். பொட்டு வைத்தது பிழை இல்லை, அடுத்த நாள் துடைக்காமல் விட்டது பிழை, இரண்டையும் எழுது என்றேன்.

எழுதிவிட்டாள். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். சரியாக இருக்கிறது.

தம்பி,
பொன்னம்பலம்